ஸ்டவுட் நுரையும் ஓர் எச்சரிக்கை மணியும்

ஸ்டவுட் எனப்படும் கறுப்பு பியரின் நுரையைப் பற்றி என்னளவுக்குத் தெரிந்த இன்னொருவர் சாய்ந்தமருதில் இருக்கமாட்டார். அந்தப் பானத்தில் ஒரு சொட்டைக்கூட நான் நாக்கில் வைத்ததில்லை. இரண்டும் உண்மை. எங்கள் வாயுக் கம்பனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டார்கள். நுரையைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதையும் எழுதுகிறேன். ஆனால் உங்களுக்கு முன்னர் சேர்ந்த பலர் என் பாதுகாப்பு வகுப்பில் இருந்தவர்கள். அங்கே நான் வருடா வருடம் சொல்லித் தந்த ஒரு சம்பவத்தில் பெரிய பொய் ஒன்று இருக்கிறது. அவர்கள் வாயிலிருந்து அது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அதைத் திருத்தத்தான் முக்கியமாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நுரை. சாதாரண பியரில் இருப்பது காபனீரொட்சைட்டு. அது பானத்தில் நன்றாகக் கரையும். வெளியே வரும்போது பெரிய குமிழிகளாக வந்து நாக்கைக் கடிக்கும், கெதியாக உடைந்தும்விடும். நைதரசனுக்குப் பானத்தில் கரைவதே பிடிக்காது. அழுத்தம் கொடுத்துக் கொஞ்சம் கரையவைத்தாலும், வழி கிடைத்தவுடன் மிக மிகச் சிறிய குமிழிகளாக வெளியேறிவிடும். அந்தச் சின்னக் குமிழிகள் உடைய நேரமெடுக்கும். அதனால்தான் ஸ்டவுட்டின் மேலே பாலாடைபோலத் தடித்த நுரை நிற்கிறது. பீப்பாயிலிருந்து ஊற்றும்போது குழாயே அந்த வேலையைச் செய்துவிடும். டின்னில் அது தானாக நடக்காது. அதற்காக டின்னுக்குள் உள்ளீடற்ற ஒரு சின்னப் பிளாஸ்டிக் பந்து போடுவோம். அதில் ஊசிமுனையளவு துளை ஒன்று இருக்கும். மூடி பொருத்துவதற்கு ஒரு கணம் முன்னர் திரவ நைதரசன் ஒரு சொட்டு விழும். மூடியதும் அந்தச் சொட்டு வாயுவாகி அழுத்தம் ஏறும், பந்துக்குள் வாயுவும் கொஞ்சம் பியரும் புகுந்துகொள்ளும். டின்னைத் திறந்ததும் அழுத்தம் இறங்கும். பந்துக்குள் அடைபட்டிருந்தது துளை வழியாகப் பீச்சியடிக்கும். முழு டின்னும் கலங்கி நுரை எழும்பும்.

அந்த ஒரு சொட்டுத்தான் என் வேலை. சொட்டு சிறுத்தால் டின் மெத்தென்று அமுங்கும், நுரை நிற்காது. பெருத்தால் டின் வீங்கும். மெசின் கணக்கு வைத்துக்கொள்ளும் என்றாலும், மணிக்கொரு தடவை ஒரு டின்னைத் திறந்து கண்ணாடிக் குவளையில் ஊற்றி, நுரை எவ்வளவு உயரம் எழும்புகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். மலைநாட்டுக்கு ஏறும் வழியில் இருந்த ஒரு பியர் தொழிற்சாலைக்கு எங்கள் கம்பனி திரவ நைதரசன் கொடுத்து வந்தது. அங்கேயே தங்கி வேலை செய்ய என்னை அனுப்பியிருந்தார்கள்.

டின் அடைக்கும் பகுதியின் பொறுப்பாளன் யோகராசா, நற்பிட்டிமுனைக்காரன். எங்கள் இரண்டு வீடுகளுக்கும் இடையில் சைக்கிளில் போகும் தூரம்தான். ஆனால் நாங்கள் அறிமுகமானது அந்த மழைக்குளிரில், இரண்டு கட்டில் போட்ட ஓர் அறையில். குவளையை நான் கண்ணால் பார்ப்பேன், அவன் ஒரு வாய் குடித்துப் பார்ப்பான். நுரை சரியென்று நான் சொன்ன பிறகும் சில நாள் அவன் முகம் சுளிப்பான். "பாக்க வடிவுதான் மச்சான், உள்ளுக்க சரியில்ல" என்பான். போய்ப் பார்த்தால் குழாயில் எங்கோ ஒரு வால்வு பிசகியிருக்கும். இப்படி ஆறு வருடம் கண்ணும் நாக்குமாக இரண்டு பேரும் வேலை செய்தோம்.

வீட்டில் நான் சொல்லியிருந்தது, வாயுக் கம்பனியில் வேலை என்று. அது பொய்யில்லை, அரைவாசிதான் உண்மை. என் வாப்பா பள்ளிவாசல் மரைக்கார். நான்கு பேருடைய வழக்கைக் கேட்டுத் தீர்த்துவைக்கிற மனிதரின் மகன் பியர் தொழிற்சாலையில் நிற்கிறான் என்றால் அவர் எந்த முகத்தோடு அந்தக் கதிரையில் உட்காருவார்? அந்த உழைப்பு ஆகாது என்பது எனக்கும் தெரியும். நான் தொடுவது வாயுவை மட்டும்தானே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேறு இடத்துக்கு மாற்றம் கேட்பதற்குத் துணிவு வரவில்லை. அங்கே என் வேலையில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன், அதை விடவும் மனமில்லை.

ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு யோகராசாவை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தேன். சாப்பிட்டு முடிந்து கை கழுவும்போது வாப்பா அவனிடம், நீங்கள் இரண்டு பேரும் எந்த இடத்தில் வேலை செய்கிறீர்கள் என்று நேராகக் கேட்டார். அவன் கொஞ்சமும் தடுமாறாமல், பால் பக்கட் அடைக்கிற இடம் ஹாஜியார் என்றான். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் என்னைப் பார்த்துச் சொன்னான்:

"பொய்ய நான் சொல்லிட்டன் மச்சான். இனி அதக் காப்பாத்திற வேல உன்ட."

அந்த வேலையை நான் எப்படிச் செய்தேன் என்பதுதான் மிச்சக் கதை.

தொழிற்சாலையில் நைதரசன் குழாய்கள் வந்து சேரும் சிறிய அறை ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு திறப்பு. ஒன்று என்னிடம், மற்றது யோகராசாவிடம். அறைச்சுவரில் ஒட்சிசன் குறைந்தால் அடிக்கும் எச்சரிக்கை மணி இருந்தது. அது ஏன் தேவை என்பதை நீங்கள் பாடமாகப் படித்திருப்பீர்கள், ஆனாலும் இன்னொரு தடவை சொல்கிறேன். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன்தான். அதற்கு மணமில்லை, நிறமில்லை. மூடிய அறையில் அது நிறைந்து ஒட்சிசனைத் தள்ளிவிட்டால், உள்ளே போகிறவனுக்கு மூச்சு முட்டாது. மூச்சு முட்டுவது காபனீரொட்சைட்டு உடம்பில் தேங்கும்போதுதான். நைதரசன் அறையில் அதை நாம் தாராளமாக வெளியே விட்டுக்கொண்டிருப்போம். எல்லாம் வழமைபோல இருக்கும். இரண்டு மூச்சில் முழங்கால் மடிந்துவிடும்.

அந்த ஆறாவது வருடம், ஒரு பண்டிகைக்கு முந்திய வாரம். டின் ஸ்டவுட்டுக்குப் பெரிய ஓடர் வந்திருந்தது. வயலில் வெட்டு நேரம் என்பதால் யோகராசா லீவில் சவளக்கடைக்குப் போயிருந்தான். அங்கேதான் அவர்களுடைய காணி. செவ்வாய்க்கிழமை காலையில் நைதரசன் அறையின் மணி அடிக்கத் தொடங்கியது. கையில் கொண்டுபோகும் அளவுமானியை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து, உள்ளே போய்ப் பார்த்தேன். ஒட்சிசன் சரியாக இருந்தது. மணி நின்றது. வெளியே வந்து கதவைச் சாத்திக் கொஞ்ச நேரத்தில் மீண்டும் அடித்தது. மறுபடியும் கதவைத் திறந்து அளந்தேன். சரியாகவே இருந்தது. புதன்கிழமையும் அதே கதை. மணியின் உணரி பழசாகிவிட்டது, அதுதான் பொய்க்கு அடிக்கிறது என்று முடிவெடுத்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்த பிறகுதான் அளந்தேன். கதவு திறந்ததும் வெளிக்காற்று உள்ளே போய்விடும், மானி நல்ல கணக்குத்தான் காட்டும். கதவு மூடியிருக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை மணி மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நான் நம்பவில்லை. இருபது வருடம் அனுபவம் உள்ளவனுக்கு அது விளங்கியிருக்கவேண்டும். விளங்காமல் போனதற்குக் காரணம், எனக்கு ஒரு விடை அவசரமாகத் தேவைப்பட்டது, கைக்குக் கிடைத்த விடை வசதியாகவும் இருந்தது.

புதிய உணரி கொழும்பிலிருந்து திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். மணி இல்லாமல் நைதரசன் ஓட்டக்கூடாது என்பது சட்டம். ஓட்டத்தை நிறுத்தினால் ஓடர் போய்விடும். மனேஜர் கெட்டவரில்லை. அதட்டவுமில்லை. "உங்கட தீர்மானம்தான், நியாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வியாழக்கிழமை மதியம், சத்தம் தாங்காமல் எல்லோரும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மணிக்குப் போகும் வயரை நான் கழற்றினேன். பாதுகாப்புக்கென்று கதவைத் திறந்தே வைத்து அதற்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்தேன். வேலைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதவில்லை. எழுதினால் யாராவது வாசிப்பார்கள், வாசித்தால் ஓட்டத்தை நிறுத்தவேண்டி வரும். திங்கட்கிழமை மாட்டிவிடலாம்தானே என்று நினைத்தேன்.

அன்று பின்னேரமே நான் ஊருக்குப் புறப்பட்டேன். என் கடைசித் தங்கச்சிக்கு மருதமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பஸ் தரிப்பிடத்தில் நான் கல்முனை பஸ்ஸுக்குக் காத்துநிற்க, கல்முனையிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து யோகராசா இறங்கினான். வெயிலில் கறுத்துப்போய், தோளில் புது அரிசி மூட்டையோடு வந்தான். வெள்ளிக்கிழமை காலையில் அவன் வேலைக்கு ஏறவேண்டும். பத்து நிமிடம் நின்று கதைத்தோம். வெட்டு எப்படி என்று நான் கேட்டேன். மாப்பிள்ளை என்ன செய்கிறான் என்று அவன் கேட்டான். அரிசியில் பாதி எனக்கென்று சொன்னான். என் பஸ் வந்தது, ஏறினேன், அவன் கை காட்டினான். மணியை நான் கழற்றியிருக்கிறேன், அந்த அறைக்குள் போகாதே என்ற ஒரு வசனத்துக்கு அந்தப் பத்து நிமிடத்தில் இடமிருந்தது. மறந்துபோனேன். அதை வேறு எந்தச் சொல்லாலும் அலங்கரிக்க எனக்கு விருப்பமில்லை. மறந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை காலை அங்கே நல்ல மழை. சாரல் அறைக்குள் அடிக்கிறதென்று யாரோ கல்லை நகர்த்திக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். பத்து மணிபோல ஊற்றிப் பார்த்த குவளையில் நுரை எழும்பவில்லை. நான் இல்லாததால் யோகராசாவே வால்வைப் பார்க்கப் போயிருக்கிறான். மணி அடிக்கவில்லை, ஆகவே அவனுக்குப் பயப்பட ஒரு காரணமும் இல்லை. மணிக்கணக்காக மூடிக்கிடந்த அறையில் நைதரசன் நிறைந்திருந்தது, கதவைத் திறந்ததும் கலைய நேரமில்லை. வாசலை விட்டு இரண்டடி போவதற்குள் விழுந்துவிட்டான். அவனுடைய கால்கள் நிலைக்கு வெளியே கிடந்ததைப் பெட்டி தள்ளிக்கொண்டு போன ஒருவர் கண்டு இழுத்தெடுத்திருக்கிறார். அதற்குள் எத்தனை நிமிடம் போனதென்று யாருக்கும் தெரியாது.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மனேஜர் போன் எடுத்தார். உயிர் இருக்கிறது, பேச்சில்லை என்றார். மணி வயர் கழன்று கிடந்ததாம், உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். வந்து கதைக்கிறேன் என்று வைத்தேன். வைத்துவிட்டு உடனே பஸ் ஏறினேன் என்று எழுத எனக்கு ஆசை. ஏறவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு என் கையால் சர்பத் கொடுத்தேன். அடுத்த மாதம் நிக்காஹ் என்று பேசி முடிவானது. சனிக்கிழமைதான் போனேன்.

நைதரசன் அறையைப் பிரித்துப் பார்த்தபோது கண்டது இதுதான்: மேலதிக வாயுவை வெளியே கொண்டுபோகும் குழாய், சுவருக்குப் பின்னால் ஒரு மூட்டில் விலகியிருந்தது. வெளியே போகவேண்டிய நைதரசன் மூன்று நாளாக அறைக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. உணரியில் ஒரு பழுதும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து அந்த மணி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பத்திரிகைக்காரர் ஒருவரும் வாசலில் இரண்டு நாள் நின்றார். அதிகாரி என்னிடம் அதிகம் கேட்கவில்லை. நீங்கள் வியாழக்கிழமை போகும்போது மணி வேலை செய்ததா என்று கேட்டார். அந்த இடத்தில் என் கண்ணுக்குள் யோகராசா வரவில்லை. பத்திரிகையில் என் பெயரும் ஊரும் வருவதும், பியர் தொழிற்சாலை என்ற சொல் அதற்குப் பக்கத்தில் வருவதும், மருதமுனையிலிருந்து ஆள் வந்து சம்பந்தம் வேண்டாமென்று சொல்வதும், வாப்பா பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருப்பதும்தான் வந்தது.

"வேல செய்தது" என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் என்னைக் குடையவில்லை. சத்தம் எப்போது நின்றதென்று மற்றவர்களிடமும் கேட்கவில்லை. திறப்பு இரண்டு பேரிடம். ஒருவன் ஊரில் இருந்தான். மற்றவன் வெள்ளிக்கிழமை வேலையில் நின்றான். சத்தம் பொறுக்காமல் அவனே கழற்றியிருப்பான் என்று எழுதிக்கொண்டார்கள். தொழிலாளியின் கவனயீனம் என்று அறிக்கை முடிந்தது. அப்போது அவன் ஆஸ்பத்திரியில், தன் பெயரைக் கேட்டால் சொல்வதற்கே நீண்ட நேரம் எடுத்துக்கொண்டிருந்தான்.

எனக்கு அல்லாஹ் ஒரு சந்தர்ப்பமும் தராமல் விடவில்லை. ஆய்வுகூடத்தில் என்னைவிட மூத்த ஒரு சிங்கள அம்மா வேலை செய்தார். அறிக்கை வருவதற்கு முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். அந்த மணிச்சத்தம் வியாழக்கிழமை மதியமே நின்றுவிட்டது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, தலையிடி அப்போதுதான் விட்டது என்றார். யோகராசா வேலைக்கு வந்தது வெள்ளிக்கிழமைதானே என்றும் கேட்டார். எந்த நாள் என்பதை நீங்கள் மாற்றி நினைக்கிறீர்கள் என்று சொன்னேன். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். எனக்கு இரண்டு பிள்ளைகள், இந்த வேலை தேவை, நான் போய்ச் சொல்லமாட்டேன், நீங்கள் சொல்லுங்கள் என்றார். சாப்பிடாமல் எழும்பிப் போனார். அதற்குப் பிறகு ஓய்வுபெறும்வரை அவர் என்னோடு கதைக்கவில்லை. உங்கள் முன்னால் இப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தால், அவர் உங்களுக்கு எதிரியில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தங்கச்சியின் நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. யோகராசாவை நற்பிட்டிமுனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பழைய நினைவுகள் இருந்தன. விபத்து நடந்த வாரம் அப்படியே இல்லாமல் போய்விட்டது. எங்கள் பஸ் தரிப்பிடப் பத்து நிமிடமும் அதற்குள் போய்விட்டது. புதிதாகச் சொல்வது எதுவும் ஒரு நாளுக்கு மேல் நிற்காது. விரல்கள் நடுங்கும், பேச்சு இழுபடும். ஊருக்கு வரும்போதெல்லாம் போய்ப் பார்ப்பேன். பழம், பிஸ்கட் கொண்டுபோவேன். அவனுடைய மனைவி மலர் என்னை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவாள். எல்லோரும் மறந்தும் நீங்கள்தான் வருகிறீர்கள் நானா என்று சொல்லித் தேத்தண்ணி தருவாள். அதைக் குடித்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் அந்த விபத்தைப் பற்றி யாராவது கேட்டால் யோகராசா, "நான்தான் கழட்டினனாம்" என்பான். ஆஸ்பத்திரியில் சொன்னதை, வீட்டில் சொன்னதை, மனைவி ஏசும்போது சொன்னதைத் திருப்பிச் சொன்னான். தினமும் காதில் விழுந்துகொண்டிருந்ததால் அது மட்டும் அவனுக்கு நிலைத்துப்போனது. இரண்டு மூன்று வருடத்தில் அந்த 'ஆம்' விழுந்துவிட்டது. "நான்தான் கழட்டினன்" என்று சொல்லத் தொடங்கினான். கழற்றிய விதத்தைக்கூடக் கையால் காட்டினான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

வாப்பா மௌத்தாகி நாற்பது நாள் கழித்துத் தங்கச்சி ஒரு விசயம் சொன்னாள். நான் எங்கே வேலை செய்கிறேன் என்பது வாப்பாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். அந்தப் பக்கம் லொறி ஓட்டும் ஒருவர் சொல்லியிருக்கிறார். பெருநாளன்று கூட்டாளியிடம் கேட்டதோடு போதும், இனி வாயால் கேட்டு மகனைப் பொய்க்காரனாக்க விருப்பமில்லை, அவன் தானாக விட்டுவர துஆச் செய்கிறேன் என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறார். யாரிடமிருந்து அந்த இரகசியத்தைக் காப்பாற்ற யோகராசாவைப் பலிகொடுத்தேனோ, அவரிடம் அது இரகசியமாகவே இருக்கவில்லை. அன்றாவது போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்குப் பதவி உயர்ந்திருந்தது.

என்ன பதவி தெரியுமா? பாதுகாப்புப் பயிற்சி. அந்த விபத்தை நேரில் அறிந்தவன் என்பதால் என்னையே போட்டார்கள். புதிதாக வரும் ஒவ்வொரு தொகுதிக்கும் முதல் நாள் அந்தச் சம்பவத்தைச் சொல்வேன். ஒரு நல்ல தொழிலாளி, சத்தம் பொறுக்காமல் தானே மணியைக் கழற்றி, தானே போய் விழுந்தான் என்பேன். பெயர் சொல்லமாட்டேன். அவனுக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டேன். பெயரில்லாவிட்டாலும் அது அவன்தான். வகுப்பில் யாரும் அசையாமல் கேட்பார்கள். இது மனதில் பதிந்துவிட்டது சேர் என்று பிறகு வந்து சொல்வார்கள். அடுத்த தொகுதிக்கும் அதையே சொன்னேன்.

ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகு வாரத்தில் ஒரு நாளாவது நற்பிட்டிமுனைக்குப் போய்வந்தேன். சில மாதங்களுக்கு முன்னர் ஒரு பின்னேரம் அவன் வீட்டு விறாந்தையில் இருந்தோம். மலர் உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். யோகராசா வெகுநேரம் எதையோ யோசித்துவிட்டு என் கையைப் பிடித்தான்.

"மச்சான், உன்ட பொறுப்பில இருந்த அறயில நான் அப்பிடிச் செய்திருக்கக் கூடா. உனக்குக் கெட்ட பேர் வந்திரிக்கும். என்ன மன்னிச்சிரு" என்றான்.

அவன் என்னை ஏசியிருந்தால், சந்தேகப்பட்டிருந்தால், நான் இன்னும் பத்து வருடம் வாய்மூடி இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவன் மன்னிப்புக் கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையை இழுத்துக்கொண்டேன்.

"நீ கழட்டல்ல, யோகா. நான்தான் கழட்டினன். நீ வேலைக்கு வாறதுக்கு முதல் நாள் நான் கழட்டினன். கேட்டதுக்குப் பொய் சொன்னன்."

அவன் தன் நடுங்கும் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்ப நான் கழட்டல்லயா?" என்று கேட்டான். இல்லை என்றேன். வடிவாகத் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றேன். இன்னும் ஒரு தடவை கேட்டான். அதன் பிறகு உள்ளே திரும்பி, மலரைக் கூப்பிட்டு, "நான் கழட்டல்லயாம், இஞ்ச வந்து கேளு" என்றான். அவன் முகத்தில் இருந்தது கோபமில்லை. பரீட்சையில் பாஸ் என்று கேள்விப்பட்ட பிள்ளையின் முகம்போல இருந்தது. அதைப் பார்ப்பதற்கு நான் கொஞ்சமும் தயாராக இருக்கவில்லை.

மலர் கையில் அகப்பையோடு வந்து நின்று, எல்லாவற்றையும் மறுபடி என்னைச் சொல்லச் சொன்னாள். பஸ் தரிப்பிடம் வரைக்கும் சொன்னேன். சத்தம் போடுவாள், வீட்டைவிட்டுப் போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுவரோடு சாய்ந்து அப்படியே இருந்துவிட்டாள்.

"எத்தின நாள் இந்த மனிசன ஏசியிரிக்கன்" என்றாள். "நீ உன்ட கையால எங்கட குடும்பத்தக் கெடுத்தாய் எண்டு எத்தின நாள் சொல்லியிரிக்கன் நானா. அவர் தலையக் குனிஞ்சிட்டு இரிப்பார்."

நானா என்று அப்போதும் சொன்னாள். அன்று எனக்குத் தேத்தண்ணி தரவில்லை.

அடுத்த வாரம் போனபோது யோகராசா என்னைக் கண்டு சிரித்தான். பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த ஒருவருக்குத் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "மணிய நான்தான் கழட்டினன்" என்றான். நான் சொன்ன எதுவும் அவனிடம் நிற்கவில்லை. பழைய பொய் மட்டும் அசையாமல் இருந்தது. அந்த ஆளின் முன்னாலேயே மறுபடி சொன்னேன். மறுபடியும் அதே கேள்வி, அப்ப நான் கழட்டல்லயா. மறுபடியும் அந்த முகம். மலர் என்னை வாசல்வரை கூட்டிவந்து, அவருக்கு நிக்காது நானா, நிக்கிற இடத்தில் போய்ச் சொல்லுங்கள் என்றாள்.

கம்பனிக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். தொழிற்சாலை இப்போது வேறு ஆட்களின் கையில். பழைய அறிக்கையைத் திருத்துவார்களா என்பது எனக்குத் தெரியாது. இதை உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் சேர்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். என்னிடம் அந்தச் சம்பவத்தைக் கேட்ட மூத்தவர்கள் யாராவது உங்களோடு வேலை செய்தால் அவர்களுக்கும் வாசிக்கக் கொடுங்கள். நீங்கள் ஒரு வயரைக் கழற்ற நேர்ந்தால், கழற்றுவதற்கு முதல் எழுதுங்கள். எழுதப் பயமாக இருந்தால் அதைக் கழற்றக் கூடாது என்று அர்த்தம். வேலைக்கு வெளியே நீங்கள் மறைத்துவைத்திருக்கும் விசயம் எதுவானாலும், ஒரு நாள் அதிகாரி கேள்வி கேட்கும்போது உங்களுக்குப் பதிலாக அதுதான் வாய் திறக்கும். என் வாயால் அது கதைத்ததை நான் கேட்டிருக்கிறேன்.

மலர் ஒரு பெரிய தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, யோகராசா காலையில் முகம் கழுவிவிட்டு வந்து இருக்கும் கதிரைக்கு நேரே சுவரில் ஒட்டியிருக்கிறாள். 'மணியை நீங்கள் கழட்டவில்லை. நியாஸ் நானா கழட்டினார்.' அவன் ஒவ்வொரு நாளும் அதைப் புதிதாக வாசிக்கிறான். நான் போகும் நாட்களில், வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறான். உண்மையா என்று கேட்பான். ஓம் என்பேன். ஏன்டா மச்சான் என்பான். காரணத்தையும் சொல்வேன். சில நாள் என் தங்கச்சி சுகமாக இருக்கிறாளா என்று விசாரிக்கிறான். சில நாள் எழும்பிப் போகச் சொல்கிறான். சொன்னால் போய்விடுவேன்.

போன வெள்ளிக்கிழமை போகச் சொன்னான். படலையடியில் செருப்பை மாட்டும்போது மலர் பின்னால் வந்தாள். நீங்கள் வருகிற நாளில் மட்டும் அந்தத் தாளை எடுத்து வைக்கட்டுமா, இரண்டு பேரும் பழையபடி கதைத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்டாள்.

"வேணாம் மலர்" என்றேன். "அது அங்கேயே இரிக்கட்டும்."

இன்றைக்குச் செவ்வாய். நாளை மறுநாள் போகவேண்டும்.